நல்ல சங்கு ஊதும் வரை

அடைக்கலசாமி வாத்தியாருக்குத் தலை பாதி நரைத்த பிறகுதான் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் பூரணி. அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

அது நடுநிலைப் பள்ளி. அடைக்கலசாமி அங்கே வெகு காலமாக ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் வரலாறு நடத்தியவர். புத்தகத்தைத் திறக்காமலே சோழர் வரிசையைச் சொல்லுவார். இரண்டாம் வகுப்பு டீச்சர் பேறுகால விடுப்பில் போனதும், அந்த வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு உதறல் எடுத்துவிட்டது. பெரிய பிள்ளைகள் என்றால் ஒரு அதட்டலில் அடங்குவார்கள். இவர்களோ அதட்டினால் அழுதார்கள், கொஞ்சினால் மடியில் ஏறினார்கள். நடுவில் என்ன செய்வது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

அதனால் தினமும் பள்ளி விட்டதும் பூரணியின் வகுப்பு வாசலில் போய் நிற்பார். ஏதாவது கேட்பார். பூரணி நேராகப் பதில் சொல்கிற ஆள் கிடையாது. பிள்ளைகள் வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய என்று ஒரு நாள் கேட்டதற்கு, அவரைத் தண்ணீர்க் குழாய் வரிசையில் கடைசி ஆளாக நிற்க வைத்தார். தன் முறை வருவதற்குள் அடைக்கலசாமி பல தடவை எட்டிப் பார்த்துவிட்டார். ஒரு தடவை முன்னால் நுழையவும் பார்த்தார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

மற்ற ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். "சார், இன்னைக்குப் பாடம் முடிஞ்சுதா?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு போயாச்சு.

ஊர் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியிருந்தது. மைன்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாதி ஊருக்கு அங்கேதான் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வெடி வைப்பார்கள். வெடிக்கு முன்னால் ஒரு சங்கு விட்டு விட்டு ஊதும். அதற்கு ஊரில் கெட்ட சங்கு என்று பேர். அதைக் கேட்டதும் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர் அடுக்கை அணைத்துப் பிடித்துக்கொள்வார். பெண்கள் பரணில் இருக்கிற பாத்திரத்தை உள்ளே தள்ளி வைப்பார்கள். பிறகு தரை ஒரு குலுக்குக் குலுங்கும். அதன் பின், குழிக்குள் போய்ப் பார்த்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, எல்லோரும் பத்திரம் என்று தெரிந்த பிறகு நீளமாக இன்னொரு சங்கு ஊதும். அது நல்ல சங்கு.

இரண்டாம் வகுப்புக்கு ஆதிகால உயிர்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அடைக்கலசாமிக்கு ஒரே உற்சாகம். அந்த ஊர் மண்ணைக் கிளறினாலே கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும் வரும். ஒரு காலத்தில் அது கடலாக இருந்த இடம். பிள்ளைகள் கல் நத்தையை வைத்துத்தான் பாண்டி ஆடுவார்கள். அதைக் கொண்டுவரச் சொன்னார். பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் ஒரு டைனோசரை முழு நீளத்துக்கு வரைந்தார். பிள்ளைகளை அதன் மேல் ஒருவர் கால்மாட்டில் அடுத்தவர் தலை வருகிற மாதிரி வரிசையாகப் படுக்க வைத்தார். மொத்த வகுப்பும் படுத்தும் வால் மிச்சம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல பாடமாகவே முடிந்திருக்கும். ஆனால் மனுஷனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மத்தியானம் வகுப்புக்குள் வைத்து மீதியைச் சொன்னார், வெடி நேரத்தைக் கணக்குப் பண்ணி. கெட்ட சங்கு ஊத ஆரம்பித்ததும் குரலைத் தாழ்த்தினார். வானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது என்றார். மலை மாதிரி ஒரு கல் வந்தது என்றார். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். வெடி வெடித்தது. ஜன்னல் கதவெல்லாம் படபடத்தது. கையைத் தொப்பென்று மேஜையில் போட்டு, "அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை போய்விடும் போலிருந்தது. அடைக்கலசாமிக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

இலக்கியா என்ற பெண் மட்டும் கத்தவில்லை. ஒன்றாம் வகுப்பை அம்மா வீட்டு ஊரில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவள். எழுந்து நின்று, "எல்லாமா சார்?" என்று கேட்டாள்.

"எல்லாம்தாம்மா. ஒண்ணு பாக்கியில்ல."

அதைச் சொல்லிவிட்டு அவர் அந்தக் கைதட்டலிலேயே மிதந்து, பள்ளி விட்டதும் பூரணியிடம் பெருமை பேச ஓடினார். அன்றைக்கு நல்ல சங்கு ஊதியதா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மறுநாள் இலக்கியா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார். அப்புறம் அவள் அம்மா தேன்மொழி பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட அடைக்கலசாமிக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். இலக்கியாவின் அப்பா கொளஞ்சி மைன்ஸில் வெடிக்குத் துளை போடுகிற வேலையில் இருக்கிறார், ஒப்பந்தத்தில். பாடம் நடந்த மறுநாள் காலையில் அவர் வண்டியை எடுக்கப் போனால் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. பிரித்து எடுத்தால் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்கிறது. பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. கயிறு இருக்கிறது, பயம் போகவில்லை. தினமும் கொளஞ்சி நேரம் தப்பித்தான் போகிறார். இரண்டு நாள் போகவே முடியவில்லை. இன்னொரு தரம் இப்படி ஆனால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் திரும்ப வெளியூர்தான், குடும்பம் திரும்பவும் ஆளுக்கொரு பக்கம்தான்.

"பிள்ளைக்கு நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்று தேன்மொழி கேட்டார். "கெட்ட சங்கு ஊதினா காதைப் பொத்திக்கிட்டு எல்லாம் முடிஞ்சுபோச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சுங்குது."

சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன் என்றார் அடைக்கலசாமி.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனார். இலக்கியா அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடைக்கலசாமி குனிந்து உட்கார்ந்து, அதெல்லாம் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஒரு கோடி என்றால் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அன்னைக்கு எங்கப்பா வேலைக்குப் போயிருந்தாங்களா?" என்றாள்.

இல்லை, அப்போது அப்பாவே பிறக்கவில்லை என்றார். தாத்தாவும் பிறக்கவில்லை என்றார். அதனால் அவளுக்கு ஒரு ஆறுதலும் வந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், "இனிமே அப்படி வராதும்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அந்தப் பிள்ளை. "அதுங்களுக்கும்தான் தெரியல."

அடைக்கலசாமி எழுந்து வந்துவிட்டார்.

அவர் பள்ளிக்குத் திரும்பியபோது பூரணி இன்னும் வகுப்பில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வகுப்பில் கணக்கு எல்லாம் புளியங்கொட்டையில்தான். அடைக்கலசாமி வாசலில் நிற்காமல் உள்ளே போய்க் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு பிள்ளையைக் கெடுத்துட்டேன் டீச்சர். இதை எப்படி அழிக்கிறது?"

பூரணி அந்தப் பாடத்தைத் தனக்கு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அடைக்கலசாமி சொன்னார். முதலில் சுரத்தே இல்லை. ஆனால் சொல்லச் சொல்லப் பழைய வேகம் வந்துவிட்டது. பாவம், அவர் சுபாவம் அது. வானத்து வெளிச்சம் வந்தது, கல் வந்தது, கை பெஞ்சில் தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான் என்று நிறுத்தினார்.

பூரணி காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

பூரணி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். "நாளைக்கு வெடி நேரத்துக்கு என் கிளாசுல வந்து உக்காருங்க சார்" என்றார்.

மறுநாள் அடைக்கலசாமி ஒன்றாம் வகுப்பில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூரணி ஏதோ ஒரு வாத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட சங்கு ஊதியதும் கதையை நிறுத்திவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. வெடி வெடித்தது. கூரையிலிருந்து கொஞ்சம் தூசி கொட்டியது. அப்போதும் யாரும் பேசவில்லை. அடைக்கலசாமிக்குப் பக்கத்தில் இருந்த பையன் வாயை இறுக்க மூடிக் கன்னத்தை உப்பி வைத்திருந்தான்.

நல்ல சங்கு ஊதியது. நீளமாக ஊதி ஓய்ந்தது.

"வந்துட்டாங்க!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்ல ஆரம்பித்தது. எங்கப்பா வந்துட்டாங்க. எங்க மாமா வந்துட்டாங்க. எங்க சித்தப்பா வந்துட்டாங்க. மைன்ஸில் யாரும் இல்லாத ஒரு பையன் எங்க ஆடு வந்துடுச்சு என்றான். பூரணி அதையும் ஒத்துக்கொண்டார். பிறகு வாத்துக் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வகுப்பு முடிந்ததும் அடைக்கலசாமி கேட்டார். இந்தப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், பக்கத்து அறையில் இப்படி ஒரு கூச்சல் தினமும் கேட்கிறது, எதற்கென்று நான் கேட்டதே இல்லையே, எதற்காகப் பிள்ளைகளைக் கத்த விடுகிறீர்கள் என்றார்.

"அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்குதுங்க சார். விட வேண்டாமா?"

அடைக்கலசாமி பள்ளி விடும் வரை பொறுத்திருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கொளஞ்சி வீட்டுக்குப் போனார்.

இந்தத் தடவை அவர் எதையும் விளக்கவில்லை. இலக்கியாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "நான் உங்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "எல்லாம் முடியல. கதையைப் பாதியில நிறுத்திப்புட்டேன். மீதி இருக்கு."

"மீதியில யாரு இருக்கா?"

"வந்து கேளு."

அவள் யோசித்தாள். அப்பாவும் வரட்டும் என்றாள். அப்பா மைன்ஸில் இருந்தால்தான் நல்ல சங்கு நமக்காக ஊதும், மீதிக் கதை அதற்கப்புறம்தான் வருகிறது என்றார் அடைக்கலசாமி. அவள் எழுந்து உள்ளே போனாள். அப்பா சோறு கொண்டுபோகிற தூக்கின் மூடியை எடுத்துவந்தாள். இது என்கிட்டதான் இருக்கும், மூடி இல்லாமல் அப்பா எங்கேயும் போக மாட்டாங்க, வந்து வாங்கிக்கொள்ளணும் என்றாள். கொளஞ்சி சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் அவர் தூக்கு வாயில் வாழை இலையைக் கட்டிக்கொண்டு நேரத்தோடு வேலைக்குப் போனார். இலக்கியா மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

வெடி நேரம் நெருங்கியதும் அடைக்கலசாமி பாடத்தை முதலிலிருந்து சொன்னார். கடல், நத்தை, பெரிய பெரிய உருவங்கள். ஆனால் இம்முறை வேறு சிலதும் வந்தன. சேற்றுக்குள் இருந்த ஆமை, ஆற்றின் அடியில் கிடந்த முதலை, பொந்துக்குள் இருந்த எலி மாதிரி ஒரு குட்டிப் பிராணி, எங்கேயோ ஒதுங்கிய ஒரு சின்னப் பறவை. யாருக்கு எது வேண்டுமோ அதுவாகிக்கொள்ளலாம் என்றார். கெட்ட சங்கு ஊதியது. பிள்ளைகள் எல்லாம் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார்கள். இலக்கியா எலியானாள். மூடியை விடவில்லை.

வெடி வெடித்தது. பெஞ்சுகள் அதிர்ந்தன.

அடைக்கலசாமி வாயைத் திறக்கவில்லை. பழக்கமில்லாத வேலை அது. அவர் வாசலைப் பார்த்தார். பூரணி தன் வகுப்பை அழைத்துக்கொண்டு அங்கே வந்து நின்றிருந்தார்.

நல்ல சங்கு ஊதவில்லை.

வழக்கமாக ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஊதிவிடும். அந்த நேரம் கடந்தது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெளியே டீக்கடைக்காரர் டம்ளர்களை அணைத்தபடியே ரோட்டுக்கு வந்து நின்று மைன்ஸ் பக்கம் பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஏதாவது ஒரு துளையில் மருந்து வெடிக்காமல் நின்றிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், முன்பும் இப்படி ஆகியிருக்கிறது என்று அடைக்கலசாமி தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும், இதற்காகவா அந்த மனுஷனை வேலைக்கு அனுப்பினோம் என்ற நினைப்பு விடவில்லை.

இலக்கியா வாசலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதிவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரியாதுதான். உதவிக்குப் பூரணியைப் பார்த்தார். பூரணி வாசலிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அடைக்கலசாமியும் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நகர்ந்து இலக்கியா இருந்த பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார். அவர் உடம்புக்கு அங்கே இடம் எது? தலையும் ஒரு தோளும்தான் போயின. அந்தப் பிள்ளை கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது. அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

அப்புறம் ஊதியது. நீளமாக, வழக்கத்தைவிட நீளமாக ஊதியது போலிருந்தது.

"வந்துட்டாங்க!" என்று வாசலில் இருந்த ஒன்றாம் வகுப்பு கத்தியது. இரண்டாம் வகுப்பும் கத்திக்கொண்டு பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஆமை வந்தது, முதலை வந்தது, சின்னப் பறவைகள் கையை அடித்துக்கொண்டு முற்றத்துக்கே ஓடின. அடைக்கலசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இலக்கியா வெளியே வந்தாள். ஆனால் கத்தவில்லை.

சாயங்காலம் மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அவள் கேட்டருகே நின்றிருந்தாள். அடைக்கலசாமியும் நின்றிருந்தார். கொளஞ்சி உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வண்டியில் வந்து இறங்கினார். தூக்கை நீட்டினார். இலக்கியா மூடியைப் போட்டு அழுத்தி மூடினாள். அது சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள்.

பிறகு அடைக்கலசாமி பக்கம் திரும்பி, "வந்துட்டாங்க சார்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வண்டி போய் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூரணியின் வகுப்புக்குப் போனார். பூரணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். நாளைக்கும் பிள்ளை வருவாள் என்று நினைக்கிறேன் என்றார் அடைக்கலசாமி. பூரணி சந்தோஷம் என்றார்.

அடைக்கலசாமிக்கு அதோடு போக முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வெடி வைப்பாங்க டீச்சர். நாளை மறுநாளும் வைப்பாங்க. இன்னைக்கு ஊதிடுச்சு. என்னைக்காவது ஒரு நாள் நல்ல சங்கு ஊதாமலே போச்சுன்னா, அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்?"

பூரணி வகுப்புக் கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அன்னைக்கும் நீங்க இன்னைக்கு உக்காந்த எடத்துலயே உக்காந்திருங்க."